மறந்தாரா, மனத்தில் பதியவில்லையா?



சிங்கப்பூரின் முதல் துணைநகரம் குவீன்ஸ்டவுன். 1950களில் அங்கே பிள்ளைகளாகக் குடிபுகுந்தவர்கள் இன்று தாத்தா, பாட்டிகள். அவர்கள் நலமாக மூப்படைய உதவும் திட்டம் ஒன்று 2021ல் அவ்வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால், வீட்டுக்குள் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு.

"அம்மாவுக்கு எதைச் சொன்னாலும் மறந்துவிடுகிறது" என்று அலுத்துக்கொள்கிறோம். சொன்னது அவர் மனத்தில் முதலில் பதிந்ததா?

பேராசிரியர் மைக்கேல் சீயும் அவரது குழுவினரும் இங்கே நடத்திய ஆய்வு 2006ல் வெளிவந்தது. இளையர்களுக்கும் முதியவர்களுக்கும் படங்களைக் காட்டி, எம்ஆர்ஐ கருவியில் மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பொருளும் பின்னணிக் காட்சியும் இருந்தன. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் பார்த்தால், அதை அறியும் மூளைப்பகுதி "இது தெரிந்ததுதானே" என்பதுபோல் அடங்கும். முதியவர்களிடம் அப்படி அடங்குவது குறைவாக இருந்தது. பொருள் சரியாகப் பதியவில்லை என்பதே இதன் பொருள்.

"பொருளை மட்டும் கவனியுங்கள்" என்று கேட்டுக்கொண்டபோது நிலைமை மாறியது. முதியவர்களின் மூளையும் பொருளை நன்றாக உள்வாங்கியது. பொருளையும் பின்னணியையும் இணைக்கும் திறன் மட்டும் மீளவில்லை. அதனால்தான் தேக்காவில் மீன் வாங்கியது நினைவிருக்கும். எந்தக் கடையில் என்பது நழுவும்.

ஆகவே, தொலைக்காட்சி ஓடும்போது சமையலறையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். எதிரே வந்து, முகம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சாவிக்கும் மருந்துக்கும் நிலையான இடம் வையுங்கள். கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். குறைந்த பார்வையையும் கேட்கும் திறனையும் கவனிக்காமல் விடுவது முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் எச்சரித்தது.

எல்லா மறதியும் கவனக்குறைவு அன்று. மனநலக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. பழகிய வழி தவறினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், "வயசாச்சு" என்று ஒதுக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எதைச் சொன்னாலும் மறப்பவர் என்று பெயர் வாங்கியவர் நாளடைவில் பேசுவதையே குறைத்துக்கொள்வார். அந்த மௌனம் நம் வீட்டில் குடியேற வேண்டாம்.