கையில் ஊசி போட்டு வைப்பது எதற்கு?

(செட்டிகுளத்தில் நடந்த மகளிர் குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கர்ப்பப்பை ஆபரேஷன், பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்தும் தள்ளிப் போடுகிறவர்கள் நம்ம குழுக்களில் இருக்கிறார்கள். கேட்டால், "மயக்க மருந்து கொடுத்தா எந்திரிக்காமப் போயிடுவேனோ" என்கிற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் நம்ம புறங்கையிலேயே இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் கையில் ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். இரும்பு ஊசி உள்ளேயே இருக்கிறது என்று நினைத்து கையை மரக்கட்டை மாதிரி வைத்திருப்போம். குத்துவதற்கு மட்டும்தான் அந்த ஊசி. நரம்புக்குள், அதாவது ரத்தக் குழாய்க்குள் போனதும் உருவி விடுவார்கள். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்.

முன்காலத்தில் ஈதரையும் குளோரோபார்மையும் முகர வைத்துத்தான் மயக்கினார்கள். மூச்சு முட்டித் திமிறுவார்களாம். 1934-ல் பென்டதால் வந்த பிறகு நரம்பு வழியாக மயக்குவது பரவியது. இப்போது புரோபோஃபால் என்று பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து. ஏற்றும்போது கை கொஞ்சம் எரியலாம். ஒரு நிமிஷத்துக்குள் தூக்கம் வந்துவிடும்.

தூங்க வைக்க மட்டும் அந்த வழி இல்லைங்க. மயக்கத்தில் பிரஷர் இறங்கலாம், நாடி குறையலாம், ரத்தம் அதிகம் போகலாம். அப்போது மாத்திரை விழுங்க முடியாது. சதையில் போடும் ஊசி மெதுவாகத்தான் வேலை செய்யும். புதுசா நரம்பு தேடலாமென்றால், மோட்டார் நின்றதும் வெங்காயக் காட்டு ஹோஸ் சப்பையாகுமே, அதுபோல ரத்தம் குறைந்தால் நரம்பும் ஒடுங்கிவிடும். அதனால்தான் நாம் நல்லா இருக்கும்போதே வழி போட்டு வைக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை பக்கத்திலேயே இருந்து, வேண்டிய மருந்தை அதில் கொடுப்பார். பெரிய ஆபரேஷனுக்கு ரெண்டு கையிலும் போடுவதுண்டு. அதுக்காக நர்ஸம்மாகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனுக்கும் இது கட்டாயம்.

இதைச் சாக்காக வைத்து, 'ரெண்டு பாட்டில் ஏத்துனா தெம்பு வரும்' என்று சும்மா காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளாதீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது.

போகும்போது வளையல், மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்லுங்கள். சாப்பிடக் கூடாது என்ற நேரத்தில் டீ குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மறைத்தால், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

துணைக்குப் போகிற குழு உறுப்பினர் அந்தக் கையை அடிக்கடி பாருங்கள். வீங்கினாலோ, சிவந்தாலோ, எரிச்சல் எடுத்தாலோ நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டணும். நாமே பிடுங்கக் கூடாது.