சீட்டுக்குக் காசு கேட்காதீர்கள்!



எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “அரசு மருத்துவமனையில் சின்னதா ஒரு கட்டணம் வச்சா, தேவையில்லாத கூட்டம் குறையும்”னார். ஐயா, சும்மா கிடைக்குதேன்னு யாராவது ஊசி போட்டுக்கப் போவாங்களா? (சிரிப்பு)

எங்க வீட்டுக் கட்டட வேலைக்கு ஒரு அம்மா வந்தாங்க. இருமிக்கிட்டே செங்கல் சுமந்தாங்க. “ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதாம்மா?”ன்னேன். “பஸ்ஸுக்கும் காசில்ல, ஆஸ்பத்திரிக்கும் காசில்ல சார். ஆனா ஒரு நாள் கூலி போயிடுமே!” என்றார்கள். நாலு வாரம் தள்ளிப்போட்டுப் போனபோது, காசநோய்! அந்த நாலு வாரமும் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் கதி? இலவசமா இருக்கும்போதே இப்படின்னா, சீட்டுக்குப் பத்து ரூபாய்னு எழுதி ஒட்டினா என்ன ஆகும்? கட்டணம் நோயைப் பார்த்து ஆளை நிறுத்தாதுங்க. மடியைப் பார்த்துத்தான் நிறுத்தும்! (கைதட்டல்)

இது கற்பனையில்லை. பக்கத்து இலங்கையில் 1971-இல் வெளிநோயாளிகளுக்கு வெறும் 25 சதம் கட்டணம் வைத்தார்கள். வருகிறவர் தொகை சட்டென்று சரிந்தது. 1977-இல் வந்த புதிய அரசு அதை எடுத்துவிட்டது. ஆப்பிரிக்காவிலே உகாண்டா, 2001-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கியது. கூட்டம் பெருகியது, அதிகம் பயன் பெற்றவர்கள் ஏழைகள். அதுவரை அவர்களுக்கெல்லாம் நோயே இல்லையா? இருந்தது. வீட்டுக்குள்ளே படுத்திருந்தது!

“காசு வாங்கினால்தானே தரம் உயரும்?” என்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டில் 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தோம். மருந்தை மொத்தமாக வாங்கினோம். கிடங்கு வைத்து ஊர் ஊருக்கு அனுப்பினோம். நோயாளிக்கு இலவசமாகவே கொடுத்தோம். தரத்துக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அதை உடம்பு நன்றாக இருக்கும்போது வரியாக வாங்குங்கள்; படுத்த பிறகு பாயைச் சுருட்டிப் பார்த்துக் காசு தேடாதீர்கள்!

வள்ளுவர் மருத்துவத்துக்கு நாலு பேரைச் சொன்னார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். ஐந்தாவதாக, வாசலில் உட்கார்ந்து காசு வாங்குகிறவரைச் சொல்லவே இல்லைங்க! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

அந்த ஐந்தாவது நாற்காலி வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!