அல்லிக் குளமும் தாமரைக் குளமும்



பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே, தம் தோட்டத்து அல்லிக் குளத்தையே முதுமையில் மீண்டும் மீண்டும் தீட்டினார். கண்புரை மறைத்தபோதும் தூரிகையைக் கீழே வைத்தாரில்லை. அவர் 1926-இல் மறைந்தார். மறு ஆண்டு, அவற்றுட் பெரியன பாரிஸ் ஒராஞ்சரி மண்டபத்தில் மக்கள் காணத் திறக்கப்பெற்றன. கரை காட்டாத நீர். அதில் மிதக்கும் மலர். மலரிடையே வானத்தின் நிழல்!

மாதுங்காவில் நண்பர்களுடன் அவற்றின் அச்சுப் படங்களைக் காண்கையில், ஒருவர் ஒளியைச் சுட்டுவார். மற்றவர் தம் ஊர்க் குளத்தை நினைந்து கண் கலங்குவார். கூடிக் கண்டால் ஒரு படம் பல படமாகும்.

நமக்கும் அத்தகைய குளம் ஒன்றுண்டு. சித்தன்னவாசற் குகையின் விதானத்தில், 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் மீனும் யானையும் மலர் கொய்வோருமாய், சிதைந்தும் பொலிகின்றது. குழாய் நீரையே அறிந்த நம் மக்களை, அடுத்த விடுமுறையில் அங்கு அழைத்துச் செல்வோமாக!