விளையாட்டு எது? சூதாட்டம் எது?

(திருநெல்வேலி டவுணில் நடைபெற்ற கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றிப் பேசுவோம். இன்று செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். “அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட போய்ப் பேசுங்க மேடம், எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம்முடைய குழுவின் கடன் பேரேட்டிலேயே இருக்கிறது.

நம் கூட்டமைப்பில் பீடி சுற்றும் ஒரு அக்கா இருக்கிறார்கள். “என் கதையைச் சொல்லுங்க, பேரைச் சொல்லாதீங்க” என்று அவர்களே அனுமதி தந்ததால் சொல்கிறோம். இட்லி மாவு விற்பதற்காக கிரைண்டர் வாங்க, குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் எடுத்தார்கள். மூன்று தவணை ஒழுங்காகக் கட்டினார்கள். நான்காவது மாதம் கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. குழுவிலிருந்து நாலு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கிரைண்டர் இல்லை, விற்றாச்சு. காதில் கம்மல் இல்லை, அடகுக்குப் போயாச்சு. ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவர்கள் மகன், செல்போனில் ரம்மி ஆடி அவ்வளவையும் தோற்றிருந்தான். அதற்கு மேல், செல்போனிலேயே கடன் கொடுக்கும் மூன்று ஆப்களிலும் வாங்கியிருந்தான்.

இதில் எங்கள் தப்பும் ஒன்று உண்டு. ஊரடங்கு முடிந்த சமயத்தில் அந்த அக்கா எங்களிடம் வந்து, “ராத்திரி முழுக்க போன்ல விளையாடுதான் மேடம், தூங்கவே மாட்டேங்கான்” என்று வருத்தப்பட்டார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “வெளிய சுத்தாம வீட்டுக்குள்ள இருக்கான்ல, விளையாட்டுதானே, விடுங்க” என்றோம். சமூகப்பணி படித்த எங்களுக்கே அன்று விளையாட்டுக்கும் சூதாட்டத்துக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

நம்மில் மூத்தவர்களுக்கு லாட்டரி காலம் நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டிலும் முக்குக்கு முக்கும் கடை. வாரக் கூலி வாங்கின கையோடு சுரண்டல் லாட்டரிக் கடையில் நின்ற ஆண்கள் எத்தனை பேர்! வெறும் பையோடு வீட்டுக்கு வருவார்கள். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. கடைகள் மூடின. ‘தொல்லை விட்டது’ என்று நம் தாய்மார்கள் மூச்சு விட்டார்கள். இப்போது அந்தக் கடை சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. லாட்டரிக் கடைக்குப் போனால் ஊர் பார்க்கும். போர்வைக்குள் போன் வைத்து ஆடினால் யார் பார்ப்பது?

விளையாட்டே தப்பா? இல்லை. நாம் தாயம் ஆடினோம், பல்லாங்குழி ஆடினோம், ஆடு புலி ஆட்டம் ஆடினோம். தோற்றால் சோழி போகும், புளியமுத்து போகும். மறுநாள் அதே புளியமுத்தை வைத்து மறுபடியும் ஆடுவோம். அதே தாயத்தில் பந்தயம் வைத்துத்தான் தருமர் நாட்டையும் தம்பிமாரையும் பாஞ்சாலியையும் தோற்றார் என்று கதை கேட்டிருக்கிறோம். காய் ஒன்றுதான். பந்தயம் உள்ளே வந்ததும் அது வேறாகிவிட்டது.

ஆற்றில் குளிக்கிற நமக்கு இது புரியும். குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம். இரண்டு எட்டு வைத்தால் கசம். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கே கசம் என்று தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதற்காக ஆற்றுக்கே போகாதே என்று யாரும் சொல்வதில்லை.

இந்த எல்லையைக் கண்டுபிடிக்க நீதிமன்றங்களும் அரசுகளும் பல வருடங்களாகப் போராடி வருகின்றன. 1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் திறமைக்கே அதிக இடம் உண்டு என்று ஒரு வழக்கில் சொன்னது. கம்பெனிகள் அதையே பிடித்துக்கொண்டு, ‘எங்களுடையது திறமை விளையாட்டு’ என்று விளம்பரம் செய்தன. பணத்தை இழந்தவர்கள் உயிரையும் மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்த பிறகு, 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, மறுபடியும் சட்டம் கொண்டு வந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்பதால் அந்தத் தடை மட்டும் செல்லாது என்றது. 2025 தொடக்கத்தில் தமிழகத்தில் வந்த விதிகள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்டி ஆடக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக்கூடாது என்றன. அதை 2025 ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது என்கிறது அது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. இதை எதிர்த்துப் போட்ட வழக்குகளும் உச்ச நீதிமன்றம் வரை போயின.

சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் லிங்க் அனுப்பி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். சிவப்பா பச்சையா என்று கலர் சொல்லும் ஆட்டம், கிரிக்கெட் பந்தயம் என்று பேர் மாறி மாறி வரும். ஆகவே பேரைப் பார்க்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். கணக்குப் பார்க்க நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

இப்போது ஒரு கணக்கு போடுவோம். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பேர். ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டு வருகிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம். கம்பெனி 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாயில் ஜெயித்தவருக்கு 180, கம்பெனிக்கு 20. ஐம்பது ஆட்டம் ஆடி, ஆளுக்கு 25 ஆட்டம் ஜெயித்தாலும் கம்பெனிக்கு 1,000 ரூபாய் போய்விட்டது. இரண்டு பேர் கையிலும் 500, 500-தான் மிச்சம். யாரும் மோசமாக ஆடவில்லை, ஆனாலும் இரண்டு பேருக்கும் நஷ்டம். நம் குழுவில் நாம் கட்டும் வட்டி யாருக்குப் போகிறது? நம் பொது நிதிக்கே திரும்பி வருகிறது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் வெளியே போகிறது. ‘திறமை இருந்தா ஜெயிக்கலாம்’ என்று பிள்ளை சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அப்படியானால் ஏன் விட முடியவில்லை? முதலில் போனஸ் தருகிறார்கள். அந்தத் தம்பிக்கு முதல் நாளே 300 ரூபாய் கிடைத்தது. தூண்டில் முள்ளில் இரை வைப்பது போலத்தான். வள்ளுவரும் சூது என்ற அதிகாரத்தில் தூண்டில் மீனைத்தான் உதாரணம் சொல்கிறார். அடுத்து, ரூபாயை ‘காயின்’, ‘சிப்ஸ்’ என்று மாற்றிவிடுகிறார்கள். நூறு ரூபாய் நோட்டைக் கையிலிருந்து கொடுக்கும்போது வலிக்கும். காயின் போனால் வலிப்பதில்லை. பிறகு, ‘ஒரே ஒரு சீட்டில் போச்சே’ என்ற ஆதங்கம். நூலிழையில் தோற்றவனுக்கு மறுபடியும் ஆட ஆசை வருகிறது. கடைசியில், விட்டதைப் பிடிக்க ஆடுவது. அங்கே வந்துவிட்டால் கசத்தில் கால் வைத்தாயிற்று.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டிலும் இது நுழைந்திருக்கிறது. சுடுகிற விளையாட்டு, ஓடுகிற விளையாட்டு எல்லாம் இலவசம் என்றுதான் ஆரம்பிக்கும். நடுவில் ‘டைமண்ட்’ வாங்கு, சக்கரத்தைச் சுற்று, நல்ல துப்பாக்கியோ நல்ல உடையோ வரலாம் என்று சொல்லும். என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துப் பெட்டியைத் திறப்பதும், லாட்டரி சுரண்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். பெல்ஜியம் என்ற ஐரோப்பிய நாடு இப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018-ல் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு அதில் பணம் கிடைப்பதில்லை. ஆனால் ‘இன்னொரு தடவை சுத்துனா வந்திடும்’ என்ற பழக்கம் பத்து வயதிலேயே படிந்துவிடுகிறது. மாதம் 10 ரூபாய், 20 ரூபாய் என்று சாதாரணமாகத்தான் தெரியும். தினம் 50 ரூபாய் என்றால் மாதம் 1,500. நம்மில் எத்தனை பேர் மாதம் அவ்வளவு சந்தா கட்டுகிறோம்?

இது கெட்ட புத்தி அல்ல, ஒரு நோய் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம், 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில், சூதாட்டக் கோளாறையும் விளையாட்டுக் கோளாறையும் ஒரே தலைப்பின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஆசைக்கு ஆடுவது நோய் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, சாப்பாடு, தூக்கம், வேலையைவிட அது பெரிதாகிவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இவை மாதக்கணக்கில் நீடித்தால்தான் நோய்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் காசு உள்ளே போகிறதா? போட்டதற்கு மேல் வரும் என்ற ஆசை காட்டுகிறதா? தோற்ற பிறகு ‘இன்னொரு ஆட்டம்’ என்று தோன்றுகிறதா? வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கத் தோன்றுகிறதா? முதல் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் அது சூதாட்டம், பேர் எதுவாக இருந்தாலும் சரி. அடுத்த இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் உதவி தேவை. இந்தக் கேள்விகள் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்காரருக்கும் நமக்கும் சேர்த்துத்தான். பெண்களும் ஆடுகிறார்கள். மறைக்க வேண்டாம்.

அப்படி ஒன்று வீட்டில் தெரிந்தால் என்ன செய்வது?

அடிக்காதீர்கள், போனை உடைக்காதீர்கள். உடைத்தால் இன்னொரு போனில் ஒளிந்து ஆடுவார்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதுங்கள். எழுதாத கடன்தான் பயமுறுத்தும். பதற்றத்தில் இன்னொரு கடன் வாங்கி மொத்தத்தையும் அடைத்துக் கையில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச காலத்துக்குச் சம்பளம் வீட்டுப் பெரியவர் கணக்கில் வரட்டும். போனில் பணம் அனுப்பும் வசதி உள்ள வங்கிக் கணக்கில் வாரச் செலவுக்கு மட்டும் வையுங்கள். ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போக வெட்கம் வேண்டாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். ஆன்லைனில் பணம் ஏமாற்றப்பட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போகும். ‘இனி இருந்து என்ன பிரயோஜனம்’ என்பது போல யாராவது பேசினால், சும்மா சொல்கிறார்கள் என்று விடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, அப்போதே 14416-க்கு அழையுங்கள். கடன் அடைத்துவிடலாம். ஆளைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

குழுவாக நாம் என்ன செய்வது? அந்த அக்காவின் குழு செய்ததைச் சொல்கிறோம். முதலில் “நீக்கிடுவோம்” என்றுதான் சிலர் பேசினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, தங்கள் சந்தாவிலிருந்து தவணை கட்டியவர்கள் அவர்கள். பிறகு ஒரு பாட்டி எழுந்து, “இன்னைக்கு அவ வீடு, நாளைக்கு யாரு வீடுன்னு யாரு கண்டா?” என்று கேட்டார்கள். கூட்டம் அமைதியாகிவிட்டது. தவணையைக் குறைத்துத் தீர்மானம் எழுதினார்கள். மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் துணைக்கு இரண்டு பேர் போனார்கள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நடுவில் அவன் ஒரு தடவை மறுபடியும் ஆடினான். ஆனால் இந்த முறை அவனே வந்து அம்மாவிடம் சொன்னான். கடன் இன்னும் முடியவில்லை. அந்த அக்கா கூட்டத்துக்கு வருகிறார்கள். இன்றும் வந்திருக்கிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடன் கேட்கும்போது எதற்கு என்று கேட்கிறோம். அதோடு, “வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? போன் தொல்லை ஏதும் உண்டா?” என்றும் ஒரு வார்த்தை கேட்போம். தவணை தவறினால் சண்டைக்குப் போகும் முன் வீட்டுக்குப் போவோம். அன்று எங்களிடம் வந்து சொன்ன அக்காவுக்கு நாங்கள் தவறான பதில் சொன்னோம். இனி உங்களில் யாரிடமாவது ஒரு அம்மா வந்து ‘ராத்திரி முழுக்க விளையாடுதான்’ என்று சொன்னால், ‘காசு போட்டு விளையாடுதானா?’ என்று திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு வீட்டைக் காப்பாற்றும்.