வெள்ளையடித்த சுவரை நம்பாதீர்!
(பொன்னேரி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டியில் இருபது வருஷம் உழைத்த தொழிலாளி, பி.எப். பணத்தைப் போட்டு, மிச்சத்துக்கு வங்கியில் கடன் வாங்கி, பொன்னேரிப் பக்கம் பழைய வீடொன்றை வாங்குகிறார். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். சுவரை மட்டும் தொட்டுப் பார்ப்பதில்லை. சித்திரையில் வாங்கிய வீடு ஐப்பசியில் சுயரூபத்தைக் காட்டுகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம்; பாயில் வாடை; குழந்தைக்கு ஓயாத இருமல். வீடு கெட்டுப்போனதென்று வங்கி ஒரு தவணையையும் தள்ளாது.

நமது ஊர் ஆரணியாற்றை ஒட்டிய, பழவேற்காடு ஏரிக்கு அருகிலுள்ள தாழ்ந்த பூமி. 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் வெள்ளம் புகுந்தது! தெருவில் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். செங்கல் குடித்த தண்ணீர் லேசில் வடியாது. போதாக்குறைக்கு, நிலத்தடி நீரைக் கணக்கின்றி உறிஞ்சியதால் மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை குழைத்துக் கட்டிய சுவர் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். எத்தனை பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உதிரும்; உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

பூஞ்சணம் வெறும் அழுக்கல்ல, அதற்கு உயிருண்டு. ஈரம் உள்ளவரை வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வித்துக்களைக் காற்றில் தூவும். ஈர வீட்டில் வசிப்போருக்கு இளைப்பும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நனைந்து மக்கிய வைக்கோலைப் பிரிக்கும்போது நெஞ்சை அடைக்கிறதே, விவசாயத் தோழர்கள் அறிந்த அந்தத் தூசியும் இதன் உறவுதான். பகலெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற ஆலைத் தொழிலாளிக்கு இரவிலும் இதே கதியென்றால் நுரையீரல் என்ன செய்யும்?

ஆகவே மழை ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். பரண் மூலையை முகர்ந்து பாருங்கள். கீழே மூன்றடிக்கு மட்டும் புதுப் பூச்சு இருந்தால் ஏனென்று கேளுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டால், உட்புறம் வியர்க்கிறதா என்று தெரிந்துபோகும். தரகர் கொண்டுவரும் கொத்தனார் வேண்டாம். நமக்கு வேண்டியவரை அழைத்துப் போவோம். மொட்டைமாடி ஒழுக்கை அடைத்துவிடலாம். தரையிலிருந்து ஏறும் ஓதத்தை நிறுத்துவது பெருஞ்செலவு. அந்தச் செலவை விலையில் கழிக்க மறுத்தால், வீட்டை விட்டுவிடுவதே மேல்.

புது வீடானால் பயமில்லை என்பாரும் உண்டு. 2021ல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில், கை பட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது!

சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. மறைந்துள்ள பெருங்குறையை, தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிகிற குறைக்கு அது உதவாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஐந்து வருஷத்துக்குள் வரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அது பழைய வீட்டை விற்கும் தனி ஆளைக் கட்டாது. அதனால் அட்வான்ஸ் கொடுக்குமுன், வெள்ளம் எத்தனை முறை புகுந்தது, ஒழுக்கு எங்கே, எப்போது வெள்ளையடித்தார்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.