திசைவிரதமும் அமெரிக்கப் பயணமும்

 

இல்லறத்தார்க்கு அறநூல்கள் வகுத்த குணவிரதம் மூன்றனுள் முதலாவது திசைவிரதம். கடல், ஆறு, மலை, நாடு என யாவரும் அறிந்த எல்லைகளைக் குறித்து, அவற்றிற்கு அப்பால் செல்வதில்லை என வாழ்நாள் முழுதும் வரையறுத்துக்கொள்வது அதன் இலக்கணம். வந்தவாசி, ஆரணிப் பகுதிச் சமணர் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் விசா வரிசையில் நிற்கும் இந்நாளில், அவ்விரதத்தைப் பேசுவது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் போவதா, இருப்பதா என ஒரு குடும்பம் தடுமாறும் வேளையில் அதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை.

கடல் கடப்பதே குற்றம் என்னும் பழைய வழக்கை இங்கு மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டு சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு அழைக்கப்பெற்ற துறவி ஆத்மாராம்ஜி, துறவொழுக்கம் தடுத்தமையால் தாம் செல்லாது, இல்லறத்தாராகிய வீர்சந்த் காந்தியை அனுப்பினார். துறவிக்குரிய எல்லை வேறு, இல்லறத்தார்க்குரிய எல்லை வேறு என்பது அன்றே விளங்கிற்று.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகன் சென்னையில் கணினிப் பொறியாளர். மருமகள் பள்ளி ஆசிரியை. மகளுக்கு வயது எட்டு. பெற்றோர் வந்தவாசிக்கு அருகே சிற்றூரில் வாழ்கின்றனர். நிறுவனம் மகனைப் பிட்ஸ்பர்க் நகருக்கு அழைக்கிறது. "ஐந்தே ஆண்டு, அப்பா. வந்துவிடுவோம்" என்கிறார் மகன்.

பிட்ஸ்பர்க் பெருநகரன்று, மூன்று இலட்சம் மக்கள் வாழும் ஊர். எஃகுத் தொழிலால் உயர்ந்து, அத்தொழில் சரியவே தளர்ந்து, இன்று மருத்துவமனைகளாலும் பல்கலைக்கழகங்களாலும் வாழ்கிறது. 1950-இல் அங்கு 6,76,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் வேதனையை அறிய அந்நகரத்தாரும் தொண்டை மண்டலத்துச் சிற்றூராரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். நகரின் கிழக்கே மன்றோவில் என்னும் புறநகரில் இந்துக்களும் சமணரும் ஒருங்கே வழிபடும் கோயில் உண்டு. எனவே தீர்த்தங்கரர் திருமுன் நிற்க வழியில்லை என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அமெரிக்கச் சமணருள் பெரும்பாலோர் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். எட்டு வயதுச் சிறுமிக்கு அங்கே அறம் கிடைக்கும். தமிழில் கிடைப்பது அரிது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் வழியில் வந்த குழந்தை அந்நூலின் பெயரைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது வளருமாயின், அது சிறு இழப்பன்று.

இரவுண்ணாமையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். தமிழகத்தில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாட்டிற்குள் அடங்கிவிடும். பிட்ஸ்பர்க்கிலோ டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு வருபவர் குளிர்காலத்தில் நோன்பைக் காக்க வேண்டுமாயின், நான்கரை மணிக்கே அலுவலக மேசையில் அமர்ந்து உண்டுவிட வேண்டும். இஃது இயலாததன்று. ஆனால் வீட்டார் மூவரும் ஒருங்கிருந்து உண்ணும் பழக்கம் அந்த நான்கு மாதங்களில் நின்றுபோகும். தயிர் வகைகள் சிலவற்றிலும், குழந்தைகள் விரும்பும் மிட்டாய்கள் பலவற்றிலும் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் சேர்வதுண்டு. ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்தே வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் உறுதியுடையோர் வென்றுவிடுவர். வெல்லக் கடினமானது அந்த 'ஐந்தாண்டு' என்னும் சொல்லே.

எச்-1பி விசா முதலில் மூன்றாண்டு, நீட்டித்தால் ஆறாண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் உரிய கட்டத்தை எட்டினால் அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. ஆயின், ஒரு நாட்டினர்க்கு ஆண்டுதோறும் ஏழு விழுக்காடு என்னும் வரம்பு இருப்பதால், இந்தியர் வரிசை பத்தாண்டையும் கடந்து நீள்கிறது. அக்கட்டம் வரை மருமகள் அங்கே ஊதியம் பெறும் பணி செய்ய இயலாது. ஆசிரியப் பணியை விட்டுச் செல்லும் அவருக்கும் இம்முடிவில் ஒரு வாக்கு உண்டு என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. மகன் வேலையிழந்தால் அடுத்த வழி தேடப் பொதுவாக அறுபது நாளே அவகாசம். இன்று எட்டு வயதான மகளுக்குப் பதின்மூன்று ஆண்டில் இருபத்தொரு வயது நிறையும். அதற்குள் வரிசை நகராவிடில், பெற்றோரைச் சார்ந்து அவள் பெற்ற உரிமை அற்றுப்போகக்கூடும். பெற்றோர் சுற்றுலா விசாவில் சென்றால் பொதுவாக ஒருமுறைக்கு ஆறு திங்கள் வரையே தங்கலாம். முன்பே உள்ள நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் பயணிகள் காப்பீடு பெரிதும் உதவுவதில்லை.

திசைவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து. மேலும் கீழும் குறுக்கும் எல்லை கடத்தல் மூன்று. நான்காவது, எல்லையை விரித்துக்கொண்டே போதல். ஐந்தாவது, வைத்த எல்லையை மறந்துவிடுதல். கடைசி இரண்டையும் வகுத்தவர் மனித மனத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்! ஐந்து ஆறாகிறது, மகளின் பள்ளிப்படிப்பு முடியட்டும் என்று பத்தாகிறது, வீட்டுக்கடன் தீரட்டும் என்று பதினைந்தாகிறது. எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊரில் ஒரு தாய், ஐந்தாம் ஆண்டின் நாட்காட்டியை மாட்டி வைத்துக் காத்திருக்கிறாள்.

திரும்பும் எண்ணம் உண்மையாக இருப்பின் எல்லையைக் குறித்துச் செல்க. அவ்வெண்ணம் இல்லையாயின் 'குடியேறுகிறோம்' என்றே பெற்றோரிடம் கூறிச் செல்க. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர்கள் அழக்கூடும். எனினும் நிலத்தை என்ன செய்வது, எந்த மகள் வீட்டருகே குடிபெயர்வது, ஜினாலயத்தில் குடும்பத்தின் கட்டளையை யாரிடம் ஒப்படைப்பது என்பனவற்றை உடலில் வலுவிருக்கும்போதே அவர்களால் முடிவு செய்ய இயலும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடபுலத்திலிருந்து வந்தோரும் அதில் அடங்குவர். இத்துணைச் சிறிய சமூகத்தில் ஒரு வீடு பூட்டப்பட்டால் அந்த ஊர்க் கோயிலின் அபிடேகத்தில் ஒரு குடம் குறையும்.

எல்லையைத் தாளில் எழுதி வைப்பது நன்று: எந்த ஆண்டு வரை, எவ்வளவு பொருள் சேரும் வரை, பெற்றோர்க்கு எந்நிலை வரின் உடனே திரும்புவது என. அதன் ஒரு படி பிட்ஸ்பர்க்கில் மகனிடமும், ஒரு படி ஊரில் தந்தையிடமும் இருக்கட்டும். மகாவீரர் முத்தியடைந்த தீபாவளி விடியலில் இங்கே விளக்கேற்றும்போது, அங்கே முந்தைய நாள் மாலை. அந்நேரம் தொலைபேசியில் அழைத்து, இருபுறத்தாரும் அத்தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்ளலாம்.