சொந்த ஊர் என்று சொல்லக் கிடைத்த தெரு



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் இந்த அவையில், கோலார் தங்கவயலின் தெருக்களையும் சந்தையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பழைய ஊர் என்றதும் எல்லோருக்கும் ஏக்கம் வருகிறது. அந்த ஏக்கத்துக்கும் சாதி உண்டு என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

தமிழ் எழுத்தில் அக்ரகாரத்துத் திண்ணையும் தேரோடும் வீதியும் நிறையவே இருக்கின்றன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீதியைக் கடந்தவர்களுக்கு அதே ஏக்கம் எப்படி வரும்? பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்று சொல்வதற்கே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. 'ஊர்' என்பது எங்கள் முன்னோருக்கு அடுத்தவர் இடம். அவர்கள் இருந்தது சேரி.

1880களில் சுரங்க வேலை தொடங்கியபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் அந்தச் சேரி மக்கள்தாம் மூட்டை கட்டிக்கொண்டு தங்கவயலுக்குப் போனார்கள். கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை. வரிசை வரிசையாக நின்ற அந்த வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று லைன்கள் நீண்டன. சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் இறங்கும், ஒரு ஷிப்ட் ஏறும்.

சம்பள நாளில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைச் சந்தைகளில் கூட்டம் நெரியும். கருவாடு, கேழ்வரகு, மாட்டிறைச்சி, பிள்ளைகளுக்குப் பொரி. எங்கள் பாட்டிமார்கள் அங்கே பேரம் பேசினார்கள். கிராமத்தில் அவர்களுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட கூலி நெல். இங்கே முந்தானையில் முடிந்த காசு. விலை கட்டாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். எங்களுக்கு அந்தச் சந்தை இனிக்கிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான்.

காசு அரிசியை மட்டும் வாங்கவில்லை. 1907இல் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். அதற்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் தங்கவயலிலிருந்தே நடத்தினார். விரல்ரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் இந்த மண்ணில்தான்.

ஆனாலும் அது சொர்க்கமல்ல. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக, லைன்களுக்காக அல்ல. மேலே பங்களாவும் கிளப்பும் வெள்ளையருக்கு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எங்கள் ஆட்களுக்கு. 'ஏர்பிளாஸ்ட்' என்று நாங்கள் சொல்லும் பாறை வெடிப்பில் போனவர்கள் போக, கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்லச் செத்தவர்களும் உண்டு. இன்று சிலர் தங்கவயலைக் 'குட்டி இங்கிலாந்து' என்று பழைய படங்களோடு கொண்டாடுகிறார்கள். அந்தப் படங்களில் பங்களா இருக்கிறது, லைன் இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றது. சைனைடு மண்மேடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லைன் லைனாகப் போங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கிராமத்தை விட்டு ஏன் வந்தார்கள், யார் எந்தச் சுரங்கத்தில் இறந்தார்கள், சந்தையில் யார் என்ன விற்றார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாழ்ந்த வீடு அவர்களுக்கே சொந்தம் என்று கேட்கும்போது அந்த எழுத்து சாட்சியாக நிற்கும். ஊரே இல்லாதிருந்தவர்கள் உழைத்து உண்டாக்கிய ஊர் அது. அதன் வரலாற்றைப் பங்களாக்காரர்கள் எழுதும்படி விட்டுவிட வேண்டாம்.

ஜெய்பீம்.